எம்.எஸ்ஸி. பார்த்த கன்று

முருகன் துணை
பழனி அடிவாரம்
20-2-1961

அன்பு மகள் சண்முகசுந்தரிக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மா சிவபாக்கியமும் சௌக்கியம். என் மானத்துக்கு மட்டும் போன வாரத்திலிருந்து கொஞ்சம் உடம்பு சரியில்லை.

உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறட்டை விட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். நீ கரும்பலகையில் வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினாற்போல் ஒரு படம் போட்டாய். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் புள்ளி. நாற்பது பெண்களும் தலை நிமிராமல் அதையே வரைந்துகொண்டிருந்தார்கள். மின்விசிறி வேறு சுற்றியது. எனக்குக் கண் சொக்கிவிட்டது. யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டு விழித்து, நம் பஞ்சாமிர்தக் கடை ஞாபகத்தில், "சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வெளியே வந்ததும் உங்கள் துறைத் தலைவி அம்மா, "மகள் பாடம் எப்படி இருந்தது?" என்றார். "உடம்புக்கு ரொம்ப இதமா இருந்துச்சுங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அதெல்லாம் போகட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் நீ சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது. நிரந்தரமான கல்லூரி வேலைக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்குத் தாண்டிக்குடி மலையில் போய் வாழைக்கு வந்த சீக்கைப் பார்க்கப் போகிறாயாம். வாழைக்குச் சீக்கு வந்தால் அரிவாளை எடுத்து வெட்டி மாட்டுக்குப் போடுவான். அதற்கு ஒரு எம்.எஸ்ஸி. வேண்டுமா? கடைக்கு வருகிறவர்கள் ஏன், எதற்கு என்று துளைக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒரே ஒரு வரி எழுது. ஆராய்ச்சி என்று மட்டும் எழுதாதே. அந்த வார்த்தையைச் சொன்னால் உன்னை அல்ல, என்னைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா வேலப்பன்


மதுரை
3-3-1961

அப்பா அவர்களுக்கு வணக்கம்.

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

நீங்கள் தூங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. விழித்திருந்த நாற்பது பேரும் உங்களைவிட அதிகமாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் படம் என் ஆசிரியை எனக்குப் போட்டுக்காட்டியது. அவருக்கு அவருடைய ஆசிரியை. இந்த வரிசையில் யாரும் வாழையை வெட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. போன மாதம் சந்தையில் ஒரு துண்டு வாங்கி விடுதிக் குளியலறையில் வைத்து வெட்டினேன். படத்தில் இருந்ததுபோல் இல்லை. அறை அறையாக வேறு என்னவோ இருந்தது. மறுநாள் வகுப்பில் பழைய படத்தையேதான் போட்டேன், பரீட்சைக்கு அதுதான் வரும் என்பதால்.

உங்கள் ஒரு வரி: "தான் பார்க்காததைப் பிறத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வெட்கமாக இருக்கிறது." கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். பண்ணைக்காட்டுக்குக் கீழே நம் தோப்புக்குப் போகும்போது மரங்களை அண்ணாந்து பாருங்கள். இலை விரியாமல், குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கிற மரம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். முடிக்கொத்து நோய் என்று அதற்குப் பேர். இலையடியில் ஒட்டியிருக்கும் எள்ளளவு பேன்தான் அதைச் சுமந்து போகிறது என்று புத்தகம் சொல்கிறது. நோய் கண்ட தோப்பிலிருந்து பக்கக் கன்று எடுத்து நட்டால் நோயும் கூடவே போய்விடும்.

சண்முகசுந்தரி


முருகன் துணை
பழனி
10-4-1961

அன்பு மகளுக்கு,

பங்குனி உத்திரக் கூட்டம் வடிந்து இன்றுதான் கை கழுவினேன். இன்னமும் பிசுபிசுக்கிறது. இந்தத் தாளில் எறும்பு ஊர்ந்தால் உதறிவிட்டுப் படி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. இப்போது இரண்டு படி ஏறிய பிறகுதான் என்னைத் திட்டுகிறாள்.

உன் ஒரு வரியைக் கடையில் சொன்னேன். பக்கத்துப் பூக்கடைக்காரர், "பார்க்காததச் சொல்ல வெட்கப்பட்டா, இந்த அடிவாரத்துல பாதிப்பேர் வாயத் தெறக்க முடியாதே" என்றார். உன் படிப்பு இங்கே செல்லாத காசு, தாயி.

நம் தோப்புக்கும் போய்வந்தேன். நீ சொன்னமாதிரி மடக்கிய குடைபோல மூன்று மரம் நிற்கிறது. தோப்பைப் பார்த்துக்கொள்கிற மாயனைக் கேட்டேன். "கண்ணு பட்டிருக்குங்க" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. பழைய செருப்பு ஒன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, பூதக்கண்ணாடி இல்லை, வைத்தியம் முடிந்தது. உங்கள் இலாகாவுக்கு வேண்டுமானால் என் இன்னொரு கால் செருப்பை அனுப்புகிறேன்.

மலைக்குப் போகத்தான் போகிறாய் என்றால் கம்பளி எடுத்துப் போ. அட்டைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொள்.

அப்பா


தாண்டிக்குடி
25-6-1961

அப்பா அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அட்டை கடித்தது. வேப்பெண்ணெய் தடவியும் கடித்தது.

வாசலில் ஆராய்ச்சி நிலையம் என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, மழை பெய்தால் மேசையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று தெரிந்த ஒரு காவலாளி. என் மேலதிகாரி கொடைக்கானலில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறார். தாண்டிக்குடி வாழையைப் பற்றிய அறிக்கைகளை அங்கிருந்தபடியே எழுதுகிறார். ஜீப் ஏறினால் அவருக்குத் தலை சுற்றுமாம்.

நேற்று நம் தோப்புக்குப் போனேன். நீங்கள் கட்டிய செருப்பின் நிழலில் பேன்கள் சௌக்கியமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அந்த மூன்று மரத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பேனைக் கொன்று, கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டோம். மாயனும் அவன் மனைவி மாயக்காளும் கூட இருந்தார்கள். மற்ற மரங்களில் நோயின் கோடு காணவில்லை. ஆனால் இலைக்காம்பில் கோடு காணாததால் நோய் இல்லை என்று ஆகாது. உள்ளே இருந்துகொண்டு இரண்டு மூன்று மாதம் கழித்தும் வெளியே காட்டும். அதனால் இந்த ஒரு வருஷம் நம் தோப்பிலிருந்து ஒரு கன்றும் வெளியே போகக்கூடாது. மாயனிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இங்கே கிடைக்கிற மலைத்தேன் அனுப்புகிறேன்.

சண்முகசுந்தரி


முருகன் துணை
பழனி
18-7-1961

அன்பு மகளுக்கு,

தேன் வந்தது. பாதி உன் அம்மாவுக்கு, பாதி எனக்கு என்று பிரித்தோம். உன் அம்மாவின் பாதியில் எனக்குக் கொஞ்சம் உண்டு.

உன் கடிதத்தைக் கடையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். அதிகாரிக்குத் தலை சுற்றுகிற இடத்தில் நல்ல சிரிப்பு. 'மற்ற மரங்களில் நோயின் கோடு காணவில்லை' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் எழுதியிருந்ததை மனசுக்குள் படித்துக்கொண்டேன். கடையில் படிக்க அது அவ்வளவு ருசியாக இல்லை.

மறுநாளே ஆள் வர ஆரம்பித்துவிட்டது. மலை முழுக்கச் சீக்கு என்று பயந்து கிடக்கிறார்கள், ஒரு தோப்பை எம்.எஸ்ஸி. படித்த பெண் மரம் மரமாகப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லியிருக்கிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? வெற்றிலை பாக்கோடு வந்து கன்று கேட்பவனை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. கன்றுக்குக் காசு வாங்குகிற வழக்கமும் கிடையாது. தோப்புக்கே கூட்டிப் போய், மஞ்சள் தடவிக் கொடுத்து அனுப்பினேன். மலைத்தோட்டக்காரன் சின்னச்சாமி ஒரு தோட்டத்துக்கே வாங்கிப் போனான். மாயன் முனகினான், "அம்மா வேணாமுன்னு சொல்லிட்டுப் போச்சுங்களே" என்று. ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறாய். ஆடி மழை ஒரு வருஷம் பொறுக்குமா?

இப்போது மலையில் இதற்குப் பேரே 'எம்.எஸ்ஸி. பார்த்த கன்று'. உன் படிப்புக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் மரியாதை. நீதான் வெற்றிலை போடமாட்டாயே என்று உன் பங்கையும் நானே போட்டுக்கொண்டேன்.

இருமல் வராமல் பார்த்துக்கொள்.

அப்பா


தாண்டிக்குடி
24-7-1961

அப்பா,

யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? ஊரும் பேரும் வேண்டும். உடனே.

சண்முகசுந்தரி


முருகன் துணை
பழனி
6-8-1961

அன்பு மகளுக்கு,

தந்தி கொடுக்கிறவன்கூட நாலு வார்த்தை கூட்டி எழுதுவான். அப்பா சௌக்கியமா என்று கேட்கக்கூட உனக்குத் தாள் பற்றவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சௌக்கியம்.

சின்னச்சாமி பேரைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். பண்ணைக்காட்டில் என் பெரியம்மா மகள் கந்தம்மாள் அக்கா வாங்கிப் போனாள். மற்றபடி மங்களங்கொம்பு, தாண்டிக்குடி, அந்தப் பக்கம் பதினைந்து இருபது வீடு இருக்கும். மாயனைக் கேள், அவன்தான் தோண்டிக் கொடுத்தவன். இனாமாகக் கொடுத்ததைக் குறித்துவைக்கிற புத்தி எனக்கு இல்லை.

எள்ளளவு பூச்சிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். எங்கள் கடையில் அதைவிடப் பெரிய பூச்சியெல்லாம் பார்த்துவிட்டோம்.

அப்பா


பழனி
19-10-1961

மகளுக்கு,

இரண்டு மாதத்துக்குமேல் ஆயிற்று, உன்னிடமிருந்து தகவல் இல்லை. ஆயுத பூசைக்குக் கடையில் பொரி கடலை நிறைய மிஞ்சியது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள் உன் அம்மா. நான் கேட்கவில்லை.

அப்பா


தாண்டிக்குடி
16-11-1961

அப்பா அவர்களுக்கு,

நலமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். கேட்காதவரிடமும் சொல்லிவிடுங்கள்.

எழுதாததற்குக் கோபம் பாதிக் காரணம். மீதி, கொசுவலை தைத்துக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து நோயில்லாத இளங்கன்றுகள் வரவழைத்து, ஒவ்வொன்றையும் தனி வலைக்குள் வைத்தேன். சிலவற்றில் மட்டும் நோய்கண்ட மரத்துப் பேன்களைத் தூரிகை முனையால் எடுத்து விட்டேன். தினமும் வெள்ளனே எழுந்து வலையைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு மாதம் ஆகப்போகிற சமயம், ஒரு காலையில், இலைக்காம்பின் அடியில் கரும்பச்சையாக விட்டுவிட்டு ஒரு கோடு. பேன் விட்ட கன்றில் மட்டும். விடாததெல்லாம் சுத்தம். புத்தகத்தில் இது இரண்டு வரி. அந்த இரண்டு வரியை மூன்று வருஷம் ஒப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. தனியாக நின்று சிரித்தேன் அப்பா. இந்த மலையில் நோய் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். அடுத்த நிமிஷம் வெட்கமாக இருந்தது. இதற்காகத்தான் வந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. உங்கள் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் இதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "வீட்ல ஏதும் ப்ராப்ளமாம்மா? நல்ல பெர்மனன்ட் போஸ்டை விட்டுட்டு வந்திருக்கியே" என்றார். வலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. திரும்பும்போது ஏரியில் சிலர் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைவிட அவர்கள் உருப்படியாக ஏதோ செய்கிறார்கள் என்று தோன்றியது.

இனி நீங்கள் கடையில் படிக்க முடியாதது. சின்னச்சாமி தோட்டத்தில் ஆடியில் நட்டதெல்லாம் நம் தோப்புக் கன்று. பாதிக்கு மேல் உச்சி கொத்தாகி நிற்கிறது. கந்தம்மாள் அத்தை தோட்டத்தில் கோடு விழ ஆரம்பித்திருக்கிறது. அங்கிருந்து நம் தோப்புக்கு ஓடினேன். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் கோடு.

கன்று போன தோட்டம் எல்லாவற்றிலும் கிழங்கோடு எடுத்தால்தான் மலை பிழைக்கும். ஒருவர் வைத்திருந்தாலும் பேன் அடுத்தவரிடம் வந்துவிடும். நான் எந்த வாசலில் போய் நின்றாலும் ஒரே கேள்விதான்: "ஒங்க அப்பா வெட்டிட்டாரா?" நம் தோப்பை முழுதாக எடுத்துவிடுங்கள். பச்சையாக நிற்பதையும் சேர்த்து.

சண்முகசுந்தரி


முருகன் துணை
பழனி
3-12-1961

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தைக் கடையில் படிக்கவில்லை.

நீ தனியாக நின்று சிரித்ததைக் கேட்டு உன் அம்மா பயந்துவிட்டாள். இதோடு திருநீறு வைத்திருக்கிறாள், பூசிக்கொள். வாழைக்குக் கொசுவலை கட்டித் தூங்கவைக்கிற தேசத்தில் எனக்கு ஒரு வலை இல்லை.

தோப்பை எடுக்கமாட்டேன். தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று உனக்கே தெரியும். மலைப்பழத்தில் நீர் கிடையாது, அதனால்தான் பஞ்சாமிர்தம் நிற்கிறது. கீழ்நாட்டுப் பழத்தைப் பிசைந்தால் பாயசம்தான் வரும். காவடி தூக்கி ஊர் ஊராக நடந்து வருகிறவனுக்குப் பாயசத்தை டப்பாவில் அடைத்துக் கொடுக்கவா? கன்றை இனாமாக வாங்கும்போது பல்லைக் காட்டின கூட்டம், இன்றைக்கு நான் வெட்டினேனா என்று கணக்குக் கேட்கிறதாம். அந்தக் கழுதைகளுக்காக நான் மொட்டைத் தோப்புக்காரன் ஆக வேண்டுமா?

சீக்கு வந்ததை எடு, ஏன் என்று கேட்கமாட்டேன். குலை தள்ளப்போகிற மரத்தை, நாளைக்குச் சீக்கு வரலாம் என்று இன்றைக்கு எடு என்கிறாய். எனக்கும்தான் நாளைக்குச் சாவு வரலாம். இன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாயா?

பேசாமல் மதுரைக்குத் திரும்பிப் போ. வட்டத்துக்குள் வட்டம் போடு. யாரும் உன்னை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மார்கழிப் பனி வரப்போகிறது. தலைக்குத் துணி கட்டிக்கொள்.

அப்பா


தாண்டிக்குடி
24-1-1962

அப்பா அவர்களுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. அம்மா வருத்தப்பட்டிருப்பாள். லேசாக இருமல், வேறொன்றும் இல்லை.

சின்னச்சாமி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். பேசினோம்.

கல்லூரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஜூனில் திரும்புகிறேனா என்று மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். இங்கே அதிகாரி இன்னொரு வருஷம் நீட்டலாம் என்கிறார், ஆனால் 'ரிசல்ட்' காட்ட வேண்டுமாம். ஒரு தோட்டம்கூட எடுக்காத மலையில் எதைக் காட்டுவது?

உங்களிடம் மறுபடி கேட்கவில்லை. தைப்பூசத்துக்குக் கூட்டம் எப்படி?

சண்முகசுந்தரி


முருகன் துணை
பழனி
5-3-1962

அன்பு மகளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். இடுப்பைத் தவிர எல்லாம் சௌக்கியம். உன் இருமலுக்கு அம்மா சுக்கும் மிளகும் இடித்து அனுப்பியிருக்கிறாள்.

உன் பக்கத்திலேயே மூன்று நாள் இருந்தும் எனக்குப் பேச வரவில்லை. தாளைக் கண்டால்தான் நான் வீரன். ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள் என்று கேட்டாய். பூசம் முடிந்துபோச்சு, கடையில் சோலி இல்லை என்றேன். அது பொய்.

பூசத்துக்குப் பிந்திய குலையை மாசி பிறந்ததும் மாயன் கொண்டுவந்து இறக்கினான். காப்பி வாங்கிக் கொடுத்து, "அம்மா எப்படிடா இருக்கா?" என்றேன். அவன் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "சின்னச்சாமி வீட்ல அம்மாவ வாசலுக்கு வெளியவே நிப்பாட்டிட்டாகங்க. மழ பேஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. எம்.எஸ்ஸி. வந்திருக்கு, கன்னு வேணுமான்னு கேளுங்கன்னு உள்ள இருந்து சிரிச்சாக. அம்மா நனைஞ்சுக்கிட்டே சொல்ல வேண்டியத சொல்லிட்டுத்தான் போச்சு." நீ 'பேசினோம்' என்று எழுதியிருந்தது இதைத்தான் போலிருக்கிறது.

உன்னைக் கேலி பண்ணுகிற பட்டா என் ஒருவன் பேரில்தான் இருக்கிறது. அதை எவனும் ஆக்கிரமிப்புச் செய்யக்கூடாது. வத்தலக்குண்டு சுற்றி மலையேறும் வழியெல்லாம் சின்னச்சாமியை என்னென்ன வைவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தோப்புக்குள் நுழைந்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பூசத்துக்கு வெட்டின மரங்கள் போக மிச்சத்தில் பாதி உச்சி கொத்தாகி நிற்கிறது. மாயனிடம் கடப்பாரையைக் கேட்டு வாங்கினேன். முதல் மரத்தை நெம்பியதில் நான்தான் விழுந்தேன், மரம் நின்றது. மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் உனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நீ வந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியும். குலை தள்ளின மரம் ஒன்றைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போகப் பார்த்தேன். நீ போய் அதன் அடியில் நின்றுகொண்டாய். அதையும் எடுத்தேன். இவ்வளவு அழுத்தம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மடியில் ஏன் இத்தனை வெற்றிலை என்று கேட்டாயே. கன்று கேட்டு வருகிறவன் வெற்றிலை பாக்கு வைக்கிறான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க என்ன வைப்பது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அதனால் அதையே வைக்கலாம் என்று நானாக முடிவு பண்ணினேன். ஆடியில் மஞ்சள் தடவிக் கொடுத்த வீடுகளில் மாசியில் போய் வெற்றிலை வைத்துத் திருப்பிக் கேட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

கந்தம்மாள் அக்கா கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"ஏலே வேலப்பா, குடுத்த கையாலயே புடுங்க வந்துட்டியாக்கும்?"

"ஆமாக்கா."

"வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா. வெரசா முடிச்சா வெரசா போயிருவேன்."

"ஒம் மக சொல்றத நீ நம்புறியாடா?"

"என் தோப்பு மொட்டையாக் கெடக்கு. போயிப் பாத்துட்டு வந்து கேளு."

அக்கா வெற்றிலையைத் தொடவில்லை. நீ அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவள் மருமகளைக் கூப்பிட்டு இலைக்காம்பை விலக்கி நகத்தால் கோட்டைக் காட்டினாய். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாய். அந்தப் பெண் அடுத்த மரத்துக்குப் போய்த் தானே விலக்கிப் பார்த்து, "அத்தே, இதுலயும் ஓடுது" என்றாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரியைக் கூப்பிட்டு, நீ காட்டினமாதிரியே நகத்தால் காட்டினாள். நீ சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். நீ ஒதுங்கிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். வலைக்குள் கோட்டைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அக்கா வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். அப்போதும் பாதித் தோட்டம்தான் எடுக்கவிட்டாள், மீதிக்குச் சித்திரை வரை தவணை கேட்டாள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டில் வெற்றிலையை என் மேலேயே விட்டெறிந்தார்கள். சின்னச்சாமி கதவையே திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தோம், ஆடு தின்றிருக்கும். அவன் வளர்க்கிற பேன் யார் யார் வீட்டுக்கு விருந்துக்குக் கிளம்பப்போகிறதோ. இப்படிப்பட்டவர்களுக்காகவா நீ மழையில் நின்றாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடை நிலவரமும் சொல்லிவிடுகிறேன். கீழ்நாட்டுப் பழத்தில் பிசைந்து பார்த்தேன். நான் சொன்னபடியே பாயசம். ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பூன் குடுப்பீங்களா, டம்ளர் குடுப்பீங்களா?" என்றார். டம்ளரே கொடுத்தேன்.

நான் ஜீப் ஏறும்போது நீ சொன்னாய்: "மதுரைக்கே திரும்பிரலாம்னு இருக்கேம்ப்பா. ஒருத்தர் வச்சிருந்தாலும் அத்தனையும் வீண். அங்க எடம் இன்னும் எனக்காகத்தான் கெடக்கு." ஒரு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஒவ்வொரு கிருத்திகைக்கும் படியேறினேன். கேட்டதும் என்ன சொன்னேன் தெரியுமா? "மதுரையில இப்ப வெயில் சாஸ்தியா இருக்கும்." அறிவாளி.

வேளைக்குச் சாப்பிடு. இதை நானே கேட்பதாக எடுத்துக்கொள்.

அப்பா வேலப்பன்

பின்குறிப்பு: நீ கல்லூரிக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று இன்றைக்கே தபாலில் போடுகிறேன். ஜீப் வளைவு திரும்பும்போது எட்டிப் பார்த்தேன், நீ ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்த டிரைவருக்குக்கூடக் கேட்காமல் வாய்க்குள் ஒன்று சொன்னேன்.

போகாதே.